விரல் மரத்துப் போனால்

நம் நாட்டில் குளிரைப் பற்றிப் பேச வேண்டுமானால் கேமரன் மலையைத்தான் பேச வேண்டும். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ரிங்லெட் பட்டணத்திற்குக் கீழே, பெர்த்தாம் ஆற்றை ஒட்டி அமைந்திருக்கிறது லெம்பா பெர்த்தாம். பள்ளத்தாக்கில் காய்கறியும் பூவும் விளைகின்றன. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேயிலை விளைகிறது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு அம்மலையில் நம்மவர் கைகள் கொழுந்து பறித்து வந்திருக்கின்றன. இன்று அவர்களோடு பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் அங்கே உழைக்கின்றனர்.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைந்துவிடும். எனவே கிள்ளானிலோ தெலுக் இந்தானிலோ வியர்வை வழியும் வேளையில், மலையில் உள்ளவர் கம்பளிச் சட்டையைத் தேடுவார். விடியற்காலையில் பனியில் நனைந்த கொழுந்தைத் தொட்டுத் தொட்டு வேலை செய்பவரின் விரல் நுனிகள் சில வேளை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகின்றன. சற்று நேரத்தில் அவை நீலம் பாரிக்கின்றன. வெயில் ஏறிய பிறகோ, சூடான தேநீர்க் குவளையைப் பிடித்த பிறகோ சிவந்து, எரிச்சலோடு துடிக்கின்றன. மலையில் இருப்பவர் இதனை “குளிர்தானே” என்று விட்டுவிடுகிறார்.

இரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன பங்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கைவிரல், கால்விரல்களில் இரத்த ஓட்டம் குறையும் நோய்கள் மலைக்கு மட்டும் உரியவை அல்ல. மலையில் குளிர் அவற்றைக் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே கொண்டு வந்துவிடுகிறது. தாழ்நிலத்தின் வெப்பம் அவற்றை மறைத்து வைக்கிறது. விரல் வெளுக்காது, மரத்துப் போகும். கால் நீலம் பாரிக்காது, நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். நாமும் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தைக் கடத்துவோம். ஆகவே இந்தப் பாடத்தை மலையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வருவோம்.

குழாய் ஏன் சுருங்குகிறது?

நம் உடல் சிக்கனமான குடும்பத் தலைவியைப் போன்றது. வெளியே குளிர் மிகும்போது, இருக்கும் சூட்டை இதயம், நுரையீரல், ஈரல் முதலிய முக்கிய உறுப்புகளுக்கு ஒதுக்கிவிட்டு, கைகால் விரல்களுக்குச் செல்லும் பங்கைக் குறைக்கிறது. நரம்புகள் கட்டளையிட, விரல்களில் உள்ள நுண்ணிய தமனிகளின் சுவர்த்தசைகள் இறுகுகின்றன. இரத்தம் வருவது குறைகிறது. இது எல்லாருக்கும் இயல்பாக நடப்பது. அச்சத்திலும் கடும் மனக்கவலையிலும் கை சில்லிட்டுப் போவதற்கும் இதே நரம்புகளே காரணம்.

சிலருக்கு மட்டும் இந்தச் சுருக்கம் அளவு மீறிவிடுகிறது. குழாய் ஏறக்குறைய அடைத்தே போய்விடும். அப்போது விரல் வெளுக்கிறது. தேங்கிய இரத்தத்தில் உயிர்வளி தீர்ந்ததும் நீலமாகிறது. குழாய் மீண்டும் திறந்து புது இரத்தம் பாய்ந்ததும் சிவக்கிறது. இந்த மூன்று நிற மாற்றத்தை 1862ஆம் ஆண்டில் பாரிசு நகரில் மொரீஸ் ரேனோ என்ற மருத்துவர் தம் ஆய்வேட்டில் விளக்கினார். அதனால் இதற்கு ரேனோ நிலை என்று பெயர்.

ரேனோ நிலை இரு வகைப்படும். முதல் வகை பெரும்பாலும் இளவயதில், அதுவும் பெண்களிடையே, இரு கைகளிலும் ஒருசேரத் தோன்றும். அது தொல்லை தரும், ஆனால் விரலைக் கெடுக்காது. கைகளைக் காத்துக்கொள்ளும் முறையும் பயிற்சியும் தெரிந்தால் பெரும்பாலோர் மருந்தின்றியே சமாளிக்கலாம். இரண்டாம் வகை வேறொரு காரணத்தின் நிழல். நாற்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தோன்றினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் உண்டானாலோ, கைத்தோல் இறுகி விரல் மடங்க மறுத்தாலோ, அது இந்த இரண்டாம் வகையாக இருக்கக்கூடும். இவர்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் சில மருந்துகளும் விரல் குழாய்களைச் சுருக்கும். அப்படி ஐயம் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்க வேண்டுமே தவிர, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது.

அதிர்வு என்னும் மறைமுக எதிரி

1918ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பெட்போர்டு என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் வேலைத்தளங்களில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் ஆய்வு நடத்தினார். காற்றழுத்தச் சுத்தியலைக் கொண்டு கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிர்காலக் காலை வேளைகளில் வெளுத்து மரத்துப் போவதை அவர் பதிவு செய்தார். சுத்தியலின் அதிர்வே காரணம் என்று கண்டார். அது வெள்ளைவிரல் நோய் என்று பெயர் பெற்றது. விரலின் நுண்குழாய்களையும் நரம்புகளையும் அதிர்வு நாள்தோறும் அடித்து அடித்துச் சேதப்படுத்துகிறது. முதலில் விரல் நுனியில் ஊறல், பிறகு மரப்பு, பிறகு சட்டைப் பொத்தானை மாட்டவும் சில்லறையை எடுக்கவும் முடியாத நிலை. முற்றிவிட்ட பிறகு முழுமையாகத் திரும்புவது அரிது.

தேயிலைத் தோட்டங்களில் கையால் பறித்த காலம் போய், கத்தரிக்கோலும் அதன்பின் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. நம் இரப்பர்த் தோட்டங்களிலோ புல்வெட்டும் இயந்திரம் தோளில் தொங்குகிறது. மரம் அறுக்க இயந்திர வாள் இருக்கிறது. பால் வெட்டுவதற்கும் மின்கலத்தில் இயங்கும் கத்திகள் வந்திருக்கின்றன. இவை அனைத்தும் அதிர்பவை.

இங்கேதான் வெப்பநாட்டுத் தொழிலாளி ஏமாந்து போகிறார். மலேசியாவில் கட்டுமானத் தொழிலாளர்களிடையே நடத்தப்பெற்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், அதிர்வு இயந்திரங்களைப் பயன்படுத்தியவர்களிடம் விரல் மரப்பு, ஊறல், விரல் குளிர்ச்சி ஆகியவை காணப்பட்டன. ஆனால் விரல் வெளுப்பு ஒருவரிடமும் காணப்படவில்லை. குளிர்நாட்டு நூல்களைப் பார்த்து “வெளுத்தால்தான் நோய்” என்று காத்திருந்தால், நம் நாட்டில் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். புல்வெட்டி இயந்திரத்தைக் கீழே வைத்த பிறகும் 20 நிமிடத்திற்கு மேல் விரலில் ஊறலோ மரப்போ நீடிக்குமானால், அதனையே நாம் அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.

இயந்திரத்தைக் கையாளும் முறையில் பாதிப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. கல்லில் பட்டு வளைந்த கத்தியும், ஒரு பக்கம் தேய்ந்த கத்தியும், பிடிக்கும் தண்டுக்கும் இடையே வெடித்துப் போன இரப்பர்த் தாங்கியும் அதிர்வைப் பலமடங்கு பெருக்கும். அதிர்வு இரண்டு மடங்கானால், அதே கேடு விளைய நான்கில் ஒரு பங்கு நேரமே போதும் என்பது அறிவியலார் கணக்கு. நான்கு மணி நேரம் தாங்கக்கூடிய வேலை ஒரு மணி நேரத்திலேயே அளவைத் தொட்டுவிடும். எனவே கத்தியை மாற்றித் தரும்படி மண்டோரிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. பிடியை இறுக்கிப் பிடிப்பதும் தவறு. நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும், எடையைத் தோள்வார் சுமக்கட்டும். மணிக்கொரு முறை பத்து நிமிடமாவது இயந்திரத்தை நிறுத்தி, வேறு வேலை பார்க்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் சிகரெட்டைப் பற்ற வைப்பவர் ஓய்வின் பயனை இழந்துவிடுகிறார். புகையிலையின் நஞ்சு அதே குழாய்களை மீண்டும் சுருக்குகிறது.

மரத்துப் போவதெல்லாம் இரத்தக் குறைவன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நலமாக இருந்தால், அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறி. ஆண்டுக்கணக்கில் மணிக்கட்டை வளைத்துப் பால் வெட்டுபவர்களுக்கு இது வரக்கூடும். தோலில் ஒரு தேமல் தோன்றி அவ்விடம் மட்டும் தொடு உணர்ச்சியற்றுப் போனால் அது வேறு நோயாக இருக்கலாம். இரண்டையும் கிளினிக்கில் காட்டிவிட வேண்டும்.

கைகளுக்கான பயிற்சி

பிசியோதெரபி என்று மருத்துவமனைகளில் வழங்கும் இயன்முறை மருத்துவம், மருந்தும் ஊசியும் இன்றி அசைவு, சூடு, நிலைமாற்றம் ஆகியவற்றால் உறுப்பைச் சீர்செய்யும் கலை. விரல்களின் இரத்த ஓட்டத்திற்கு அது கற்பிக்கும் முதற்பாடம் விரலைப் பற்றியதே அன்று. மார்பும் முதுகும் சூடாக இருந்தால்தான் உடல் தன் சேமிப்பைத் திறந்து விரல்களுக்குச் சூட்டை அனுப்பும். கையுறை போட்டும் விரல் குளிர்கிறதென்றால், தலையிலும் மார்பிலும் என்ன போர்த்தியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நனைந்த கையுறை, கையுறை இல்லாததைவிடக் கேடு. மலைத் தோட்டத்தில் இருப்பவர் மாற்றுக் கையுறை ஒன்றை உறையிலிட்டு எடுத்துச் செல்வது நல்லது.

வேலைக்குப் புறப்படும் முன், பிரட்டுக்களத்தில் நிற்கும் நேரத்திலேயே இதைச் செய்யலாம். கால்களைச் சற்று அகற்றி நின்று, ஒரு கையை நீட்டித் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்ற வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாதபடி பார்த்துக்கொள்க. வாளியில் நீரை நிரப்பிச் சுழற்றினால் நீர் கீழே கொட்டாமல் அடிப்பக்கத்தை அழுத்துகிறதல்லவா? அதே விசைதான் இங்கே இரத்தத்தை விரல் நுனிக்குத் தள்ளுகிறது. இருபது சுற்றுக்குப் பின் மறு கை. தோள்மூட்டு வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்து, கைகளைப் பக்கவாட்டில் வீசினால் போதும். அதன் பின்னர் விரல்களை இறுக மடக்கி மூன்று எண்ணும்வரை பிடித்து, நன்றாக அகல விரிக்க வேண்டும். பெருவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் வரிசையாகத் தொட்டுத் திரும்ப வேண்டும். மணிக்கட்டை இருபுறமும் சுழற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. மதியம் ஒரு முறை, வீடு திரும்பியதும் ஒரு முறை மீண்டும் செய்தல் நலம்.

விரல் வெளுத்துவிட்ட வேளையில் அடுப்பின்மேல் காட்டுவதும், கொதிநீரில் முக்குவதும் கூடாது. உணர்ச்சி குறைந்த விரல் சுடுவதை அறியாது, கொப்புளம் போட்ட பிறகே நமக்குத் தெரியும். அக்குளில் கையை வைத்துக்கொள்ளலாம், அல்லது முழங்கையால் தொட்டுப் பார்த்து இதமாக உள்ள வெந்நீரில் கையை வைத்து விரல்களை அசைக்கலாம்.

இளவயதில் தோன்றும் முதல் வகை ரேனோ நிலைக்கு மற்றொரு முறையும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் அதனைச் சோதித்தனர். குளிர்ந்த வெளியில் இருந்துகொண்டே கைகளை மட்டும் 43 பாகைச் செல்சியஸ் வெந்நீரில் பத்து நிமிடம் வைப்பது, இதனைப் பல வாரங்கள் திரும்பத் திரும்பச் செய்வது, இவ்வளவே. உடல் குளிரை உணரும்போதும் விரல் குழாய்களைத் திறந்து வைக்க இது பழக்குகிறது. அவ்வாறு பழகியவர்களின் விரல்கள் பின்னர்க் குளிரில் முன்பைவிடச் சூடாக இருந்தன. மலைத் தோட்டத்தார் வீட்டு வாசலில் அமர்ந்து செய்யக்கூடிய பயிற்சிதான். ஆயினும் நீரிழிவு உள்ளவர்களும், உணர்ச்சி குன்றியவர்களும், விரலில் புண் உள்ளவர்களும் இதனைச் செய்யலாகாது. மற்றவர்களும் வெப்பமானி கொண்டு நீரைச் சோதித்த பின்னரே கையை வைக்க வேண்டும்.

கால் சொல்லும் செய்தி

கைவிரலைவிடக் கால்விரலுக்கு நாம் அதிகம் அஞ்ச வேண்டும். கைவிரலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறோம். கால்விரலோ விடியற்காலை ஐந்து மணிக்குப் பூட்சுக்குள் போனால் மதியம்தான் வெளியே வருகிறது. நாட்டின் சுகாதார, நோய்நிலை ஆய்வு 2019ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்டபோது, 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. நீரிழிவு காலின் தமனிகளை அடைக்கிறது. நரம்புகளையும் மழுங்கச் செய்கிறது. ஒன்று காலுக்கு உணவு செல்வதைத் தடுக்கிறது, மற்றொன்று கால் முறையிடுவதைத் தடுக்கிறது. முள் தைத்ததும், அட்டை கடித்ததும், பூட்சுக்குள் கல் உருண்டதும் தெரியாமல் போய், புண் முற்றி, விரலை எடுக்க நேர்ந்த பிறகு வருந்துவோர் பலர்.

புகையிலையால் வரும் கேடு தனி. 1908ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர் லியோ பர்ஜர் விளக்கிய பர்ஜர் நோய், பெரும்பாலும் ஐம்பது வயதுக்குட்பட்ட புகைப்பழக்கமுள்ள ஆண்களின் கைகால் குழாய்களை வீங்கச் செய்து அடைக்கிறது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இது மேலை நாடுகளைவிட அதிகம். பீடியும் சுருட்டும் மட்டுமின்றி, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இந்நோயை வளர்க்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைப்பதால் பயனில்லை. அடியோடு விட்டவர்களுக்கு விரல் தப்புகிறது, விடாதவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. பயிற்சிகளுள் தலையாயது எதுவென்று கேட்டால், புகையிலைப் பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டாமல் இருப்பதே என்போம்.

காலில் இரத்த ஓட்டம் குறைந்துள்ளதா என்று ஓரளவு நாமே பார்த்துக்கொள்ளலாம். பெருவிரல் நுனியை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு மூன்று வினாடிக்குள் பழைய நிறம் பெற வேண்டும். மேல்பாதத்தின் நடுவிலும், உட்கணுக்காலுக்குப் பின்புறமும் நாடி துடிப்பதை விரலால் தொட்டுணரலாம். மேல்பாத நாடி சிலருக்கு இயல்பாகவே கிடைக்காது, அதனால் உடனே பீதி கொள்ள வேண்டியதில்லை. இவற்றைவிடத் தெளிவான அறிகுறி நடையில் தெரியும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மீண்டும் அதே தூரத்தில் பிடிக்கும். மேட்டில் ஏறினால் இன்னும் விரைவில் பிடிக்கும். இதனை வயதின் கோளாறு என்று தள்ளக் கூடாது. கணுக்காலிலும் புயத்திலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று உண்டு. கணுக்காலின் அளவைப் புயத்தின் அளவால் வகுத்தால் 0.9க்குக் கீழே வருமானால் காலின் தமனி அடைபட்டிருக்கிறது என்று பொருள். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு இந்தக் கணக்கு ஏமாற்றவும் கூடும். அதை மருத்துவர் அறிவார்.

இந்நிலைக்கு இயன்முறை மருத்துவம் தரும் சிறந்த பயிற்சி நடையே. “நாள் முழுதும் நிரையில் நடக்கிறோமே, இன்னும் எதற்கு நடை?” என்று கேட்கத் தோன்றும். நிரையில் நடப்பது மரத்துக்கு மரம் நின்று நின்று நடப்பது. கெண்டைக்கால் தசை உழைத்து வலி காணும் அளவுக்கு அது தொடர்வதில்லை. பயிற்சி நடை வேறு. சமதளமான பாதையில், வலி தொடங்கிய பின்னும் ஓரளவு கடுக்கும்வரை நடக்க வேண்டும். பிறகு நின்று, வலி முற்றும் நீங்கும்வரை ஓய்வு. மீண்டும் நடை. தொடக்கத்தில் மொத்தம் 15 நிமிடம், போகப்போக 30 முதல் 45 நிமிடம். வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதத்திற்குக் குறையாமல். அடைபட்ட பெரிய குழாய் இதனால் திறந்துவிடாது. ஆனால் கிடைக்கும் இரத்தத்தைக் கொண்டு சிக்கனமாக உழைக்கத் தசை கற்றுக்கொள்கிறது, பக்கவழிகளும் விரிகின்றன. வலியின்றி நடக்கும் தூரம் கூடுகிறது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நடக்க இயலாதவர்களுக்கு, பர்ஜர் வகுத்து, பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஆர்தர் ஆலன் திருத்திய படுக்கைப் பயிற்சி உண்டு. மல்லாந்து படுத்து, தலையணைகளின் மேல் கால்களை உயர்த்தி, பாதம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் வைக்க வேண்டும். அடுத்து எழுந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து கால்களைத் தொங்கவிட்டு, பாதத்தை மேலும் கீழும் உள்ளும் புறமும் அசைத்து, விரல்களை மடக்கி விரித்து, நிறம் சிவக்கும்வரை இருக்க வேண்டும். பிறகு கால்களைக் கிடையாக நீட்டிப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் படுக்க வேண்டும். உயர்த்தும்போது இரத்தம் வடிகிறது, தாழ்த்தும்போது நிரம்புகிறது. ஒரு வேளைக்கு மூன்று நான்கு சுற்று, நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்வது வழக்கம். காலில் அழுகலோ, சீழ்ப்புண்ணோ, ஓய்விலும் கடும் வலியோ உள்ளவர்களும், இதய நோயாளிகளும் மருத்துவர் ஒப்புதலின்றி இதனைத் தொடக்கூடாது. உயர்த்திய காலுக்கு இருக்கும் கொஞ்ச இரத்தமும் கிட்டாமல் போய்விடும்.

கால் சில்லிடுகிறதென்று சூடு வைப்பது பெருந்தவறு. வெந்நீர்ப் போத்தலைப் பாதத்தில் வைத்துத் தூங்கி, கொப்புளத்தோடு எழுபவர்கள் உண்டு. தளர்ந்த பருத்திக் காலுறையே போதும். நரம்புச் சுருளுக்காகக் கடையில் விற்கும் இறுக்கமான காலுறை, தமனி அடைபட்ட காலுக்குக் கேடு செய்யும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. உள்ளே உறைந்திருக்கும் இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நீரிழிவு உள்ளவர் இரவில் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். பூட்சை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பது எல்லாருக்கும் நல்ல பழக்கம்.

காலோ கையோ திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்து, அசைக்க முடியாமல் போனால் மறுநாள் கிளினிக்கிற்குப் போகலாம் என்று இருக்கக் கூடாது. சில மணி நேரத்திற்குள் குழாயைத் திறக்காவிட்டால் உறுப்பே போய்விடலாம். தோட்ட லாரியோ அக்கம்பக்கத்தார் வண்டியோ, கிடைத்ததில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விரல் கறுத்தாலும், இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டாலும், இரவில் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்றாலும் காலம் தாழ்த்தக் கூடாது.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக். கேமரன் மலையில் இருப்பவர்களுக்குத் தானா ராத்தாவில் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. பயிற்சி தேவைப்படுவோரை மருத்துவர் கடிதம் கொடுத்து இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார். அங்கே பயிற்சியாளர் செய்து காட்டுவதை வீட்டில் ஒருவர் உடன் சென்று பார்த்து வருவது பயன் தரும்.

அதிர்வு இயந்திரத்தால் விரல் பாதிக்கப்பட்டது உறுதியானால், அது வேலையால் வந்த நோய். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் அதிர்வால் வரும் நோய்கள் இடம்பெற்றுள்ளன. சொக்சோ என்று நாம் வழங்கும் பெர்கேசோவில் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவச் செலவு, தற்காலிக இயலாமைக்கான உதவி, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றிற்கு விண்ணப்பிக்கலாம். மலாக்காவில் 2014ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் பெர்கேசோ தன் சந்தாதாரர்களுக்காக அமைத்ததே.

மருத்துவரிடம் செல்லும்போது வெறுங்கையோடு “விரல் மரக்குது டாக்டர்” என்று மட்டும் சொன்னால், ஐந்து நிமிடத்தில் வலி மாத்திரையோடு திரும்ப நேரிடும். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்க. எந்தெந்த விரல், காலையிலா இரவிலா, எவ்வளவு நேரம், நிறம் மாறியதா, அன்று எந்த இயந்திரத்தை எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எத்தனை ஆண்டுகளாகப் பிடித்து வருகிறீர்கள், புகைப்பழக்கம் உண்டா, உண்ணும் மாத்திரைகள் எவை என்பன போதும். விரல் வெளுத்தால் அந்த வேளையில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். கிளினிக்கின் இளஞ்சூட்டில் விரல் வெளுத்துக் காட்டாது. எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தரலாம். அந்த நோட்டுப் புத்தகமே பின்னர் பெர்கேசோ அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கும் விடையாகும்.